சராப்புக் கடை முதல் வங்கி முகப்பு வரை



விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உள்ள ஒரு வங்கிக் கிளைக்குக் காலை பத்தரை மணிக்குச் சென்று சற்று நேரம் நின்று பாருங்கள். துப்பட்டியைப் போர்த்திய மூதாட்டி ஒருவர் கையில் காசோலையுடன், யாரிடம் கேட்பது என்று தயங்கி நிற்பார். பக்கத்தில் நிற்கும் இளைஞரிடம், "தம்பி, இந்தச் சலானை எழுதிக் கொடுப்பியா?" என்பார். அந்த இளைஞர் நல்லவராக இருந்தால் வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் என்ன ஆகும் என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

காசோலையைக் கொண்டு பணம் பெறுவதும், அதைக் கணக்கில் செலுத்துவதும் சில நிமிட வேலை. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் முஸ்லிம் வணிகர்களுக்கும் தென்னார்க்காட்டு மண்ணுக்கும் பங்குண்டு. அந்த வரலாற்றை அறிந்தவர் வங்கி முகப்பில் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

பஸ்ராவின் சந்தை

அரபு மொழியில் 'ஸக்' என்றால் எழுதி ஒப்பமிட்ட பணப் பத்திரம். ஆங்கிலத்தின் 'செக்' இச்சொல்லிலிருந்து பிறந்தது என்று சொல்வோர் உண்டு. சொற்பிறப்பு அகராதிகளோ, அரசனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'ஷா' சதுரங்கத்தின் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, தணிக்கை என்னும் பொருள் பெற்று 'செக்' ஆனது என்கின்றன. சொல் எப்படிப் பிறந்திருந்தாலும், பொருள் நம் முன்னோர் கையில் புழங்கியது என்பதில் ஐயமில்லை.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டில், இப்னு ஹவ்கல் என்னும் பயணி சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் இருந்த அவ்தகுஸ்த் நகரத்தைப் பற்றி எழுதினார். அந்நகரத்து வணிகர் ஒருவர், மொராக்கோவின் சிஜில்மாஸாவைச் சேர்ந்தவருக்குத் தரவேண்டிய 42,000 தீனாருக்கான ஸக் பத்திரத்தைத் தம் கண்ணால் கண்டதாக அவர் குறிப்பிட்டிருக்கிறார். நெடும் பாலைவனம் இடையில் கிடக்க, அத்தனை பொன்னுக்கும் ஈடாக நின்றது சாட்சிகள் உறுதி செய்த ஒரு தாள்.

அதற்கு நூறாண்டுக்குப் பின், 1051 வாக்கில், பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ் பஸ்ராவுக்கு வந்தார். அங்கே கண்ட நடைமுறையைத் தம் பயண நூலில் பதிந்திருக்கிறார். சந்தைக்கு வருபவர் தம்மிடம் உள்ளதை 'ஸர்ராஃப்' எனப்படும் நாணய மாற்றுக்காரரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்வார். பிறகு வேண்டியதை வாங்கி, விலையை அந்த ஸர்ராஃப் மீதே எழுதிவிடுவார். ஊரில் இருக்கும் வரை அவர் நாணயத்தைத் தொட வேண்டியதில்லை. இன்று நாம் வங்கியில் பணம் போட்டுக் காசோலை எழுதுவதற்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

அமானிதமா, கடனா?

வங்கியில் பணம் செலுத்துகிறோமே, அது அமானிதமா, கடனா? இந்தக் கேள்விக்கு நபித்தோழர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வாழ்வில் விடை இருக்கிறது. ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. மக்கள் அவரிடம் பொருளை அமானிதமாக வைக்க வருவார்கள். அவரோ, அமானிதமாக வேண்டாம், கடனாகத் தாருங்கள் என்பார். அமானிதப் பொருள் காப்பவரின் தவறின்றித் தொலைந்தால் உரியவருக்கே இழப்பு. கடனானால் திருப்பித் தரும் பொறுப்பு வாங்கியவரைச் சேரும். பொருள் வீணாகிவிடுமோ என்று அஞ்சியே அவர் இவ்வாறு செய்தார். அவர் மறைந்தபோது இந்த வகைக் கடன் 22 இலட்சமாக இருந்தது. அவருடைய மகன் அப்துல்லாஹ் (ரலி) அதைத் தீர்த்தார். அதன் பின்னும் நான்கு ஆண்டுகள் ஹஜ் காலந்தோறும், தந்தையிடம் கடன் வரவேண்டியவர் யாரேனும் உண்டா என்று அறிவிப்புச் செய்த பிறகே வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிட்டார்.

இன்றைய சட்டமும் இதையே சொல்கிறது. 1848-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை வழங்கிய தீர்ப்பின்படி, வங்கி வாடிக்கையாளரின் பணத்தைப் பெட்டியில் வைத்துக் காக்கும் காவலர் அல்ல, அவருக்குக் கடன்பட்டவர். இந்திய நீதிமன்றங்களும் இந்தக் கருத்தையே பின்பற்றுகின்றன. அப்படியானால் காசோலை என்பது என்ன? "நீ எனக்குத் தரவேண்டிய கடனில் இவ்வளவை இவருக்குக் கொடு" என்று கடன்பட்டவருக்கு நாம் இடும் கட்டளை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், வங்கி முகப்பின் முன் நிற்கும்போது நாம் சலுகை கேட்டு வந்தவர் அல்லர், உரிமை கேட்டு வந்தவர் என்பது விளங்கும்.

உண்டியலும் சராப்பும்

'ஸர்ராஃப்' என்ற அரபுச் சொல் தமிழில் 'சராப்பு' ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் 'ஷ்ராஃப்' ஆயிற்று. சென்னை மாகாணக் கருவூலங்களில் நாணயத்தைத் தட்டிப் பார்த்து, நல்லது கெட்டது பிரித்து, எண்ணி வாங்கியவருக்கு அதுவே பதவிப் பெயர். தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டங்களாக இருந்த விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உழவர் கட்டிய நிலவரி தாலுகா கஜானாவுக்கே சென்றது. அங்கே புழங்கிய சொற்களைப் பாருங்கள். தாலுகா, கஜானா, கிஸ்தி, வசூல், பாக்கி, தாசில்தார், ஜமாபந்தி ஆகிய அனைத்தும் அரபு, பாரசீக வழி வந்தவை. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி விட்டுச் சென்ற சொற்கள் அவை. ஆர்க்காட்டு ரூபாயை அடிக்கும் உரிமையைப் பெறுவதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியே முயன்று, 1742-இல் அதைப் பெற்றது.

வணிகர்களுக்கோ கஜானாவை விட உண்டியலே பயன்பட்டது. உண்டியல் என்றால் இன்று பள்ளிவாசல் நன்கொடைப் பெட்டி நினைவுக்கு வரும். அன்று அது ஓர் ஊரில் பணம் கட்டி வேறோர் ஊரில் பெற்றுக்கொள்ள உதவிய சீட்டு. கண்டவுடன் பணம் தரவேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தரவேண்டியது முத்தத் உண்டியல். முத்தத் என்பதும் தவணையைக் குறிக்கும் அரபுச் சொல்தான். நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூன் வரையிலும் சிங்கப்பூர் வரையிலும் உண்டியல் நடத்தினர். அதே துறைமுகங்களில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்களும் ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியலை நாடினர்.

நம் பகுதியில் பணப்புழக்கத்தைப் பெருக்கியது வேர்க்கடலை. தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பாதையின் ஒரு முனையில் பிரிட்டிஷ் இந்திய ரூபாய். மறுமுனையில் 1875-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு இந்தோசீன வங்கி வெளியிட்ட ரூபாய்த் தாள். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. அங்கிருந்து 1940-இல் வெளியான 'டி.எம்.வி. 2' என்ற கடலை இரகத்தின் பெயரில் திண்டிவனமே ஒளிந்திருக்கிறது. அறுவடைக் காலத்தில் மூட்டை மூட்டையாகக் கடலை வரும் ஊருக்குக் கட்டுக் கட்டாகப் பணமும் வந்தாக வேண்டும். அதைச் சுமந்து செல்வதில் உள்ள இடரே உண்டியலையும் காசோலையையும் தேடவைத்தது.

1881-இல் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இயற்றப்பட்டு, 1882 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. காசோலை என்றால் என்ன, அதற்கு யார் பொறுப்பு என்பதை இந்நாட்டில் வரையறுத்தது அச்சட்டமே. இந்திய மொழிகளில் எழுதப்படும் உண்டியல்களின் உள்ளூர் வழக்கத்தை அது தன் முதற்பிரிவிலேயே விட்டுவைத்தது. பிற்காலத் தமிழர் அந்த ஆவணத்துக்கு இட்ட பெயர் காசோலை, காசுக்கான ஓலை. பனையோலையில் கடன் முறி எழுதிய சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

ஒரு வீழ்ச்சியும் ஒரு தொடக்கமும்

1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. ஆங்கிலேயரின் பெயர் பெற்ற நிறுவனம் என்று நம்பி மாகாணமெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதில் பணம் போட்டிருந்தனர். ஓய்வூதியமும் மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணமும் ஒரே நாளில் கரைந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்த அதிர்ச்சியிலிருந்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907 ஆகஸ்ட் 15 அன்று பிறந்ததே இந்தியன் வங்கி. இன்று விழுப்புரம் மாவட்டத்தின் முன்னோடி வங்கி அதுவே.

1843-இல் தோன்றிய மதராஸ் வங்கி, 1921-இல் மற்ற இரு மாகாண வங்கிகளுடன் இணைந்து இம்பீரியல் வங்கியானது. 1955 ஜூலை 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியானது. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதன் பிறகே வங்கி பெரு நகரத்தை விட்டுச் சிற்றூர்களின் தெருவுக்கு வரத் தொடங்கியது. 1960-இல் கேரளத்தின் பாலை மத்திய வங்கி வீழ்ந்ததன் விளைவாக, 1962 ஜனவரி 1 முதல் வைப்புத் தொகைக்குக் காப்புறுதி வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய். 2020 முதல் 5 இலட்சம் ரூபாய்.

பித்தளை வில்லை

கணினி வராத நாளின் வங்கியை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். காசோலையை முகப்பில் நீட்டினால் எழுத்தர் வாங்கிக்கொண்டு, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைத் தருவார். அதற்கு டோக்கன் என்று பெயர். காசோலை உள்ளே பயணிக்கும். ஓர் எழுத்தர் பேரேட்டைப் புரட்டி, கணக்கில் பணம் உண்டா என்று பார்த்துப் பற்று எழுதுவார். அதிகாரி மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிட்டு, சரியென்றால் ஒப்பமிடுவார். அதன் பிறகே அது கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் காசாளரிடம் செல்லும். அவர் எண்ணைக் கூவி அழைப்பார். வில்லையைக் கொடுத்து, காசோலையின் பின்புறம் கையெழுத்திட்டு, பணத்தை வாங்கி எண்ண வேண்டும். வில்லையைத் தொலைத்தவர் பாடு திண்டாட்டம்தான்.

நேரம் பிடித்த முறைதான். ஆனால் ஒரு காசோலை மூன்று பேரின் கண்ணுக்கும் கைக்கும் உட்பட்டது. எழுதுபவர், சரிபார்ப்பவர், கொடுப்பவர் என மூவர் வேறு வேறாக இருந்ததே அதன் பாதுகாப்பு. 1984-இல் ரங்கராஜன் குழு வங்கிப் பணிகளைக் கணினி வழிப்படுத்தப் பரிந்துரைத்தது. அதன் பின் படிப்படியாகப் பேரேடு திரைக்குள் சென்றது, மூவர் வேலை பெரும்பாலும் ஒருவரிடம் வந்தது, வில்லை பழம்பொருளாயிற்று.

வளைகுடாவிலிருந்து வந்த வரைவோலை

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சவூதிக்கும் துபாய்க்கும் ஆண்கள் சென்றனர். மாதம் ஒருமுறை, அல்லது இரு மாதத்துக்கு ஒருமுறை, பதிவுத் தபாலில் வரைவோலை வரும். பெயர் மனைவியுடையது. அதுவரை கடைத்தெருவுக்கே அதிகம் செல்லாத பெண்கள், சின்ன மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வங்கிப் படியேறினர். கணக்குத் தொடங்கினர், கையெழுத்துப் பழகினர். வெளியூர்க் கிளையின் மீது எடுக்கப்பட்ட ஓலையானால் அது தபாலில் சென்று திரும்பப் பல வாரங்கள் ஆகும். அதுவரை மளிகைக் கடையில் கடன். ஓலை வரவாகும் நாளை எண்ணிக்கொண்டிருந்த வீடுகள் எத்தனையோ. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் பிறரை நம்பினர். நம்பிக்கையைக் காத்தவர்களும் இருந்தனர், காக்காதவர்களும் இருந்தனர்.

இன்றைய முகப்பில் நாம் செய்ய வேண்டியது

இன்று காசோலையே ஊர் விட்டு ஊர் செல்வதில்லை. அதன் படம் செல்கிறது. சென்னையில் 2011-இல் தொடங்கிய இந்த முறை இப்போது எல்லாக் கிளைகளையும் எட்டிவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல், வாங்கப்படும் காசோலைகளின் படங்கள் அவ்வப்போதே அனுப்பப்பட்டு, பணம் தருவதா மறுப்பதா என்பதை எழுதியவரின் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சொல்லும் முறையும் வந்திருக்கிறது.

கணக்கில் செலுத்துவதற்கு: சலானில் தேதி, கணக்கு எண், பெயர், தொகை, காசோலை எண் ஆகியவற்றை எழுதுங்கள். காசோலையின் பின்புறம் உங்கள் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் குறியுங்கள். பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னாலும், முகப்பில் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

பணமாகப் பெறுவதற்கு: இடது மூலையில் இரு இணைகோடுகள் இட்ட காசோலைக்கு முகப்பில் பணம் கிடைக்காது, கணக்கு வழியாகவே பெற முடியும். கோடிடாத காசோலையைக் கணக்குள்ள வங்கியில் நீட்டி, பின்புறம் கையெழுத்திட்டுப் பணம் பெறலாம். முகப்பை விட்டு நகரும் முன் எண்ணிப் பாருங்கள். கூச்சப்பட ஏதுமில்லை.

எழுதும்போது: காசோலையைத் தமிழிலேயே நிரப்பலாம். எழுத்தால் எழுதிய தொகையும் எண்ணால் எழுதியதும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்கிறது சட்டம். ஆயினும் வங்கி பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். அடித்துத் திருத்திய காசோலை இப்போது செல்லாது. புதிதாக ஒன்று எழுதுவதே வழி. 2012 ஏப்ரல் முதல் காசோலையின் ஆயுள் ஆறு மாதமல்ல, மூன்று மாதமே.

கையெழுத்திட இயலாத முதியவருக்கும் நோயாளிக்கும் வழி உண்டு. கைப்பெருவிரல் ரேகை, அதுவும் இயலாவிடில் கால்பெருவிரல் ரேகை போதும். இரு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் தாயின் பணத்தை எடுக்க அவர் கையெழுத்தைப் பிள்ளைகள் போட்டுப் பழக வேண்டிய அவசியமே இல்லை. அப்படிச் செய்வது குற்றமும் ஆகும்.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் ஒன்றை அறிய வேண்டும். சேமிப்புக் கணக்கில் வட்டி தானே வந்து சேரும். நடப்புக் கணக்கில் வட்டி கிடையாது. ஆனால் குறைந்தபட்ச இருப்பும் கட்டணமும் அதற்கு அதிகம். ஜமாஅத் கணக்குகளில் முத்தவல்லி, பொருளாளர் என இருவர் ஒப்பமிட்டால்தான் காசோலை செல்லும் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. பித்தளை வில்லைக் காலத்தில் ஒரு காசோலையை மூன்று கண்கள் பார்த்தன. இப்போது இரண்டாவது பார்க்கட்டும்.

வெற்றுக் காசோலை என்னும் வலை

இவ்வளவு நேரம் படித்தவர்களிடம் வேண்டிக் கேட்பது ஒன்று உண்டு. நம் கடைத்தெருக்களில் கடன் வாங்குபவரிடம் தொகை எழுதாமல், தேதி எழுதாமல், கையெழுத்து மட்டும் இட்ட காசோலைகளை ஈடாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. ஐம்பதாயிரம் வாங்கியவர் நான்கு காசோலை கொடுத்துவிட்டு வருகிறார். கடன் தீர்ந்த பிறகும் அவற்றைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறார்.

1989 ஏப்ரல் முதல், பணமின்றித் திரும்பும் காசோலை 138-ஆம் பிரிவின்கீழ் குற்றம். திரும்பிய செய்தி கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்படும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் தராவிட்டால் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "நான் வெற்றுத் தாளில்தான் கையெழுத்துப் போட்டேன்" என்பது தப்பும் வழியாகாது. விரும்பிக் கொடுத்த வெற்றுக் காசோலையும் கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று சட்டம் அனுமானிக்கும் எனவும், அதை மறுத்து நிறுவும் சுமை கையெழுத்திட்டவருடையது எனவும் 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம், கடன் எழுதுவதைப் பற்றியது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. சாட்சிகளை வைக்கச் சொல்கிறது. தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்க வேண்டாம் என்கிறது. அதிலே நாம் கவனிக்கத் தவறும் ஒரு கட்டளையும் இருக்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர். கொடுத்தவர் அல்லர், வாங்கியவர் தம் வாயால், தம் பொறுப்பு இவ்வளவு என்று சொல்ல, எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும். வலியவர் கையில் பேனா இருந்தால் எளியவருக்கு என்ன நேரும் என்பதை அறிந்த இறைவனின் ஏற்பாடு அது.

வெற்றுக் காசோலை அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. கடன்பட்டவர் வாய்மூடிக் கையெழுத்திடுகிறார். தொகையையும் நாளையும் கொடுத்தவர் எழுதிக்கொள்கிறார். ஆகவே கொடுப்பவரும் வேண்டாம் என்று சொல்லட்டும்; வாங்குபவரும் தரமாட்டேன் என்று சொல்லட்டும். தொகை, தவணை, இரு சாட்சி இவற்றோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர், கடன் தீர்ந்த அன்றே காசோலையைத் திரும்பப் பெறட்டும். கிடைக்காவிட்டால், தீர்த்ததற்கான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த எண்களுக்குப் பணம் தரவேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கட்டும்.

வீட்டில் உள்ள பெண்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். சலானை அவர்களே எழுதட்டும். காசோலையை அவர்களே நீட்டட்டும். நாளை நாம் இல்லாத நாளில், வங்கி முகப்பின் முன் யாரோ ஒருவரின் நல்ல மனத்தை நம்பி அவர்கள் நிற்க வேண்டாம். ஹிஜ்ரத்துக்குப் புறப்படும் முன், தம்மிடமிருந்த அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்ற நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். பிறர் பொருளைக் காப்பது போலவே நம் பொருளை அறிந்து காப்பதும் நம் மீதுள்ள கடமை.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் தெளிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.